சவரக்கத்தி பழக ஆசையா? சென்னையில் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தாத்தா காலத்து ஆண்கள் முகம் மழித்த மடக்குக் கத்தியை வீட்டில் பழகிப் பார்க்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் தொடங்கியபோது சென்னையில் யாரைக் கேட்பது என்றே தெரியவில்லை. இணையத்தில் கிடைத்த யோசனைகள் எல்லாம் குளிர் நாட்டுக்காரர்களுடையவை. நம் ஊர் போர் தண்ணீர், ஐப்பசி மழை, தலைக்கு மேல் சுற்றும் ஃபேன் எதுவும் அவர்கள் கணக்கில் வருவதில்லை. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சவரம் செய்யக் கற்பது இதில் சுலபமான பாதி. கத்தியைக் கூராக வைத்திருப்பதுதான் கஷ்டமான பாதி. புதிதாக வருபவர்கள் பணத்தை முழுக்கக் கத்தியிலேயே போட்டுவிடுகிறார்கள். தீட்டுக்கல்லும், ஒவ்வொரு சவரத்துக்கும் முன் கத்தியை இழுத்து விளிம்பைச் சீராக்கும் தோல்வாரும் வாங்கக் காசு இருக்காது. நான்கே சவரத்தில் கத்தி முடியைப் பிடித்து இழுக்க ஆரம்பித்ததும் அது அலமாரிக்குள் போய்விடும். ஆகவே ஒதுக்கிய பணத்தில் பாதிக்கு மேல் கத்திக்குச் செலவழிக்காதீர்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், கை நடுக்கம் உள்ளவர்கள், முகம் நிறையப் பரு உள்ளவர்கள் இதில் இறங்க வேண்டாம். சர்க்கரை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து வருடம் தாண்டியிருந்தால் அதையும் போட்டுவிட்டு வாருங்கள்.

1. எந்தக் கத்தி என்று முடிவு செய்யுங்கள்

இன்று சலூனில் பார்ப்பது பிளேடைப் பாதியாக உடைத்துச் செருகும் கத்தி. ஒவ்வொருவருக்கும் புது பிளேடு போடலாம், அதனால் சலூனுக்கு அதுதான் சரி. விலையும் குறைவு, தீட்ட வேண்டிய வேலையும் இல்லை. ஆனால் அதன் விளிம்பு மெல்லியது, கோணம் கொஞ்சம் தப்பினாலும் கடித்துவிடும். அதில் ஒரு மாதம் பழகிவிட்டு ‘எனக்கு இது ஒத்துவரவில்லை’ என்று முடிவுகட்டியவர்கள் நிறையப் பேர். பழைய சவரக்கத்தியின் சுபாவமே வேறு. கனமான முதுகும் குழிவாகக் கடைந்த பக்கங்களும் உள்ள ஒரே இரும்பு அது. நன்றாகத் தீட்டியிருந்தால் தோலின் மேல் மென்மையாகவே போகும். பிளேடுக் கத்தியில் பிடிமானமும் முகத்தின் மேடுபள்ளமும் பழகும், அவ்வளவுதான்.

வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். அகலம் எட்டில் ஐந்து அல்லது எட்டில் ஆறு அங்குலம் இருக்கட்டும். முனை உருண்டையாக இருக்கட்டும். சதுர முனை கிருதா ஓரத்துக்கு அழகு, ஆனால் பழகும்வரை காது மடலைக் கிழிக்கும். இரும்பு, கார்பன் எஃகாக இருந்தால் நல்லது. துரு பிடிக்கும், உண்மைதான். ஆனால் கூர் ஏற்றுவது சுலபம்.

ஜெர்மனியின் சோலிங்கன், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, பிரான்சின் தியேர் ஆகிய ஊர்ப் பெயர்கள் கத்தியின் கழுத்தில், அதாவது விளிம்புக்கும் பிடியின் ஆணிக்கும் நடுவில் உள்ள பகுதியில், பொறித்திருந்தால் நின்று பார்க்கலாம். டோவோ, போக்கர் இரண்டும் சோலிங்கன் தயாரிப்புகள்.

இங்கேதான் முதல் பொறி. ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு வண்ண மரப்பிடி, அலை அலையாகக் கோடு போட்ட இரும்பு, பார்க்க ராஜா வீட்டுப் பொருள் மாதிரி வரும். அவற்றில் பெரும்பாலானவை அலமாரியில் வைக்கத்தான். முதுகு நேராக இருக்காது, விளிம்பு தடியாக இருக்கும், எந்தக் கல்லில் போட்டாலும் கூர் நிற்காது. ‘சவரத்துக்குத் தயார்’ என்று விற்பவர் எழுதியிருப்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். தீட்டியது யார், எந்தக் கல்லில் முடித்தார் என்று கேளுங்கள். நேரடியாகப் பதில் சொல்லாதவரிடம் வாங்காதீர்கள்.

பழைய கத்திக்கு முதலில் சொந்த வீட்டு டிரங்குப் பெட்டியைத் துழாவுங்கள். அப்புறம் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. பழைய சாமான் பரப்பும் வரிசையில் சில நாள் கிடைக்கும், பல நாள் கிடைக்காது. காலையிலேயே போங்கள். விலை கேட்பதற்கு முன் கத்தியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முதுகில் துரு இருந்தால் பரவாயில்லை, விளிம்பை ஒட்டிப் பொத்தல் பொத்தலாகத் துரு தின்றிருந்தால் வேண்டாம். விளிம்பில் பல் விழுந்திருக்கிறதா, மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். மடக்கும்போது விளிம்பு பிடியின் நடுவில் இறங்க வேண்டும். ஒரு பக்கப் பிடியில் உரசினால் ஆணி தளர்ந்திருக்கிறது அல்லது பிடி வளைந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு எச்சரிக்கை. ‘இது யானைத் தந்தப் பிடி சார்’ என்று யாராவது பெருமையாகச் சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தந்த வியாபாரம் குற்றம். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தாலும் அதே தலைவலிதான். எலும்பு, கொம்பு, மரம், பிளாஸ்டிக் பிடி போதும்.

வேறொருவர் பயன்படுத்திய கத்தியின் இரும்பை சோப்பு போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டால் நன்றாகத் துடைத்த பிறகுதான் தொட வேண்டும். பிடியில் ஸ்பிரிட் பட விடாதீர்கள், சில பழைய பிடிகள் அதில் இளகும். உங்கள் கத்தியை அண்ணன் தம்பிக்குக்கூடக் கொடுக்காதீர்கள். மஞ்சள் காமாலை தரும் ஹெபடைட்டிஸ் பி, சி கிருமிகளும் எச்ஐவியும் ரத்தம் வழியாகப் பரவுபவை.

2. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதானால்

சவரக்கத்திக்கு லைசென்ஸ் எதுவும் வேண்டாம். ஆனால் காகிதம் சரியாக இருக்க வேண்டும். உங்கள் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா என்று வங்கிச் செயலியில் பாருங்கள். பொதுவாக மூடியே இருக்கும். கூரியரில் வந்தால் ஆதார் அல்லது பான் நகல், பொருளின் இன்வாய்ஸ், பணம் கட்டியதற்கான ரசீது ஆகியவற்றைக் கேட்பார்கள். மூன்றையும் ஸ்கேன் செய்து போனில் வைத்துக்கொண்டு ஆர்டர் போடுங்கள்.

நம் ஊர்க்காரர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இனிஷியல். ஆதாரில் இனிஷியல் பின்னால் இருக்கும், பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், ஆர்டரில் நீங்கள் வெறும் பெயர் மட்டும் போட்டிருப்பீர்கள். எந்த அட்டையைக் காட்டப் போகிறீர்களோ அதில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, ஆர்டரிலும் போடுங்கள். பெயர் பொருந்தவில்லை என்று என் பார்சல் ஒன்றைக் கூரியர்காரர்கள் நகர்த்தவே இல்லை. எந்த மெயிலுக்கும் உருப்படியாகப் பதில் வராது, ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆள்.

சுங்க வரியைக் கத்தியின் விலையில் மட்டும் போடுவதில்லை, அனுப்பும் செலவையும் இன்சூரன்ஸையும் சேர்த்த தொகையில் போடுவார்கள். அதற்கு மேல் ஜிஎஸ்டி, கூரியரின் கிளியரன்ஸ் கட்டணம். விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுவதால் ஆர்டர் போடும் நாளில் பார்த்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புக்கு, பொருளும் அனுப்புச் செலவும் சேர்ந்த தொகையில் பாதி அளவு கூடுதலாகக் கையில் வைத்திருங்கள். ‘கிஃப்ட் என்று எழுதி அனுப்பவா?’ என்று விற்பவர் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பொய்க் கணக்கு பிடிபட்டால் பார்சல் நகராது. சாதாரணத் தபாலில் வரவழைத்தால் ஒரு மாதம் தாண்டினாலும் பதற வேண்டாம்.

3. மற்ற சாமான்கள்

தோல்வார் ஒன்று, இரண்டரை அங்குல அகலத்துக்குக் குறையாமல். பின்பக்கம் கித்தான் துணி சேர்ந்தது நல்லது. பெரியமேடு தோல் கடைகளில் நல்ல மாட்டுத்தோலைப் பட்டையாக வெட்டி வாங்கி, ஒரு முனையில் வளையம் போட்டுக்கொண்டாலும் போதும். மடிப்போ தழும்போ இல்லாத, ஒரே தடிமனான துண்டாகப் பாருங்கள். முதல் மாதத்தில் வாரை எப்படியும் ஓரிடத்தில் வெட்டுவீர்கள். அதனால் விலையுயர்ந்த வாரைப் பிறகு வாங்கலாம்.

பிரஷ், சவர சோப்பு அல்லது கிரீம், ஒரு கிண்ணம். பாரிமுனைப் பக்கம் சலூன் சாமான் விற்கும் கடைகளில் எல்லாம் கிடைக்கும். படிகாரக் கல்லை நாட்டு மருந்துக் கடையில் வாங்குங்கள், சில்லறைக் காசில் ஒரு கட்டி தருவார்கள். ஒரே கத்தியில் இரண்டு வேலை என்று முகச்சவரக் கத்தியால் வேறெதையும் வெட்டாதீர்கள், நூலைக்கூட.

செலவுக்கு ஒரு கணக்கு: பழைய கத்தியானால் மொத்தத்துக்கு எட்டாயிரம் ரூபாய் ஒதுக்குங்கள், அதில் பெரும்பங்கு கல்லுக்குப் போகும். புது சோலிங்கன் கத்தியானால் இருபத்தைந்தாயிரத்துக்குக் குறைவாகத் திட்டமிட வேண்டாம். மாதாமாதம் பிளேடு காசு மிச்சமாகும் என்று கணக்குப் போட்டு இதில் இறங்குபவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். போட்ட காசு திரும்பி வர வருடக் கணக்காகும்.

4. கத்திக்குக் கூர் ஏற்றுவது

தெருவில் சைக்கிளில் சாணைச் சக்கரத்தோடு வருபவரிடம் தயவுசெய்து கொடுக்காதீர்கள். அரிவாள்மனைக்கும் கத்தரிக்கோலுக்கும் அவர் கெட்டிக்காரர். சவரக்கத்தி அந்தச் சக்கரத்தில் பட்டால் சூடேறி, பதம் இறங்கி, விளிம்பு நெளிந்து, ஒரு நிமிடத்தில் முடிந்துபோகும். தையல்காரர் கத்தரி தீட்டும் கடைக்கும் இதே பதில்தான்.

வழி இரண்டு. ஒன்று, பழைய சலூன்களில் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் வயதானவரைத் தேடுவது. திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், ராயபுரம் மாதிரிப் பழைய பகுதிகளில் நடந்து பாருங்கள். சவரச் சாமான் பையான அடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்ச் சவரம் செய்த தலைமுறை அவர்களுடையது. கல்லில் கத்தி போடும் சத்தத்தை வைத்தே பதம் சொல்வார்கள். கூட்டம் இல்லாத வேலை நாள் மதியத்தில் போய், ‘ஐயா, இந்தக் கத்தியைக் கல்லுல போட்டுக் காட்டுவீங்களா?’ என்று கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் நின்றால் விரட்டத்தான் செய்வார்கள். காசு வேண்டாம் என்பார், வலியக் கொடுங்கள்.

இன்னொரு வழி, நீங்களே கற்பது. தண்ணீரில் நனைத்துப் பயன்படுத்தும் தீட்டுக்கற்கள் ஆன்லைனில் கிடைக்கும். எண் கூடக்கூடக் கல் நைசாக இருக்கும். 1000 எண் கல் விளிம்பை உருவாக்கும், 4000 அதைச் சீராக்கும், 8000 கூராக்கும், 12000 மெருகேற்றும். முதலில் 1000, 6000 இரண்டும் ஒட்டிய இரட்டைக் கல் வாங்கி (4000, 8000 இரண்டுக்கும் பதில் இந்த 6000), அப்புறம் 12000 வாங்குவது சிக்கனம். கல் மட்டமாக இருக்க வேண்டும். கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை வைத்து, அதில் கல்லைத் தேய்த்து மட்டம் செய்துகொள்ளலாம்.

தீட்டும்போது கத்தியின் முதுகும் விளிம்பும் இரண்டுமே கல்லில் படிந்திருக்க வேண்டும், எப்போதும். சமையல் கத்திக்கு நாம்தான் கோணம் பார்க்க வேண்டும். இதில் முதுகின் தடிமனே கோணத்தைக் கொடுத்துவிடுகிறது. விளிம்பு முன்னால் போகும்படி நகர்த்துங்கள், கல் முடியும் இடத்தில் முதுகின் மேல் புரட்டித் திரும்பி வாருங்கள். அழுத்தம் வேண்டாம். 1000 கல்லில் நிறைய நேரம் செலவிடுங்கள். முன்கை ரோமத்தை விளிம்பின் எல்லா இடமும் ஒரே மாதிரி எடுக்காதவரை அடுத்த கல்லுக்குப் போகாதீர்கள். நடுவில் எடுக்கிறது, முனையில் எடுக்கவில்லை என்றால் வேலை முடியவில்லை. அடுத்தடுத்த கற்கள் அதைச் சரிசெய்யாது.

பழைய கத்திக்கு முதல் முறை ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆகிவிடும். அப்புறம் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை 12000 கல்லில் பத்து இருபது இழுப்பு போதும். கத்தி கைதவறிக் கீழே விழுந்தால் மட்டும் மறுபடி முதலிலிருந்து. விழும்போது பிடிக்கக் கையை நீட்டாதீர்கள்! காலை நகர்த்திக்கொள்ளுங்கள், போதும்.

5. தோல்வாரில் இழுப்பது

ஒவ்வொரு சவரத்துக்கும் முன்னால் இது உண்டு. நம் வீட்டு ஜன்னல் கம்பி இதற்கென்றே செய்த மாதிரி வசதி. வாரின் வளையத்தைக் கம்பியில் மாட்டி, மறுமுனையை இறுக்கி இழுத்துப் பிடியுங்கள். தொய்ந்தால் விளிம்பு உருண்டுவிடும். கல்லில் செய்ததற்கு நேர் எதிராக, இங்கே முதுகு முன்னால் போக வேண்டும், விளிம்பு பின்னால் வர வேண்டும். முனைக்கு வந்ததும் முதுகு வாரைவிட்டு எழாமல், அதன் மேலேயே கத்தியைப் புரட்டுங்கள். துணியில் இருபது தடவை, தோலில் ஐம்பது தடவை.

வேகம் காட்டாதீர்கள். சினிமாவில் சலூன்காரர் சடசடவென்று இழுப்பதைப் பார்த்துவிட்டு அப்படிச் செய்யப் போய்த்தான் வார் வெட்டுப்படுகிறது. முதல் வாரம் கத்திக்குப் பதில் வெண்ணெய்க் கத்தியை வைத்துப் பழகுங்கள்.

வாருக்குத் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்பவர்கள் உண்டு. நம் ஊர் வெக்கையில் சில நாளில் சிக்கு வாடை வந்து பிசுபிசுக்கும். உள்ளங்கையால் தேய்த்தாலே தோலுக்குப் போதும்.

6. தண்ணீரும் நுரையும்

சென்னையில் இது தனித் தலைப்பாக வர வேண்டிய விஷயம். போர் தண்ணீரிலும் பல லாரித் தண்ணீரிலும் சோப்பு நுரைக்காது, திரிதிரியாகப் பிரியும். கொதிக்க வைத்தாலும் முழுக்கச் சரியாகாது. குடிக்கும் கேன் தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்துச் சுடவைத்து, நுரைக்கு அதை மட்டும் பயன்படுத்துங்கள். வித்தியாசம் அன்றைக்கே தெரியும். முகத்தை நனைக்க எந்தத் தண்ணீரும் போதும்.

குளித்து முடித்த கையோடு சவரம் செய்வது நல்லது. முடி தண்ணீரில் ஊறி மிருதுவாக இரண்டு மூன்று நிமிடமாவது வேண்டும். பிரஷ்ஷால் வட்டமாகச் சுற்றி, பெரிய குமிழ் இல்லாமல் நுரை பளபளவென்று கெட்டியாகும்வரை அடியுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். நிறுத்தாவிட்டால் இடது கன்னம் முடிவதற்குள் வலது கன்னத்து நுரை காய்ந்துவிடும். காய்ந்த இடத்தில் கத்தி வைக்கக் கூடாது, மறுபடி நுரை போடுங்கள்.

7. முதல் மாதம் முகத்தில் கத்தி வைப்பது

முதல் நாளே முழு முகமும் மழிக்க வேண்டாம். முதல் வாரம் கன்னம் இரண்டு மட்டும், மிச்சத்துக்கு உங்கள் பழைய ரேசர். இரண்டாவது வாரம் தாடையோரம். மூன்றாவது வாரம் கழுத்து. மோவாயும் மேலுதடும் கடைசியில். முப்பது சவரத்துக்கு முன் இது நமக்கு வருமா வராதா என்று முடிவு செய்ய வேண்டாம்.

கத்தியைத் தோசைக் கரண்டி மாதிரி முழுக் கையால் பிடிக்காதீர்கள். மூன்று விரல் கத்தியின் கழுத்துக்கு மேல், கட்டைவிரல் அடியில், சுண்டுவிரல் ஆணிக்குப் பின்னால் நீளும் வாலின் வளைவில். பிடி மேல்நோக்கித் திறந்து நிற்கும். தோலுக்கும் கத்திக்கும் இடையில் முப்பது டிகிரி சுமாராக வர வேண்டும். கத்தியைத் தோலில் படுக்க வைத்து, முதுகை அதன் தடிமனுக்கு இரண்டு மடங்கு உயர்த்தினால் கிட்டத்தட்ட அதுதான். அதிகம் நிமிர்த்தினால் வெட்டும், அதிகம் படுக்க வைத்தால் முடியை இழுக்கும்.

அதைவிட முக்கியம் மற்றக் கை. தோலை இழுத்துப் பிடிக்காமல் சவரக்கத்தி வேலை செய்யாது. சென்னை வியர்வையில் விரல் வழுக்கிக்கொண்டே இருக்கும். அதற்குப் பழைய ஆட்கள் செய்த தந்திரம், படிகாரக் கட்டியை நனைத்து விரல் நுனியில் தேய்த்துக்கொள்வது. அப்புறம் தோல் பசை போட்ட மாதிரி பிடிபடும்.

முதல் தடவை முடி படிந்திருக்கும் திசையிலேயே போங்கள். கன்னத்தில் அது கீழ்நோக்கி இருக்கும். கழுத்தில் பலருக்குப் பக்கவாட்டிலோ மேல்நோக்கியோ சுழித்திருக்கும், விரலால் தடவித் தெரிந்துகொள்ளுங்கள். மிச்சம் இருந்தால் மறுபடி நுரை போட்டுக் குறுக்கே ஒரு தடவை. எதிர்த்திசை ஆசையை மூன்று மாதம் ஒத்திப்போடுங்கள். சின்னச் சின்ன இழுப்பாக, ஒரு அங்குலத்துக்கு மேல் போகாமல். கத்தியை அதன் நீளவாக்கில் அறுப்பதுபோல் நகர்த்தவே கூடாது, ஆழமான வெட்டு அப்படித்தான் விழும். குரல்வளை மேட்டுக்கு மேல் நேராக மழிக்காதீர்கள். தோலை ஒரு பக்கமாக இழுத்து, மேட்டிலிருந்து விலக்கி மழியுங்கள்.

மீசை வைத்திருப்பவர்கள் மீசையோரத்தை எல்லாம் முடிந்த பிறகு, கை நிதானப்பட்ட பிறகு தொடுங்கள். இரண்டு பக்கமும் சமமாக வரவில்லை என்று மாற்றி மாற்றித் திருத்திக்கொண்டே போனால் கடைசியில் மீசையே இருக்காது.

வெட்டுப்பட்டால் குளிர்ந்த தண்ணீர், அப்புறம் படிகாரம். எரியும், நிற்கும். பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தும் ரத்தம் நிற்கவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள். ஆரம்பத்தில் ஒரு சவரத்துக்கு அரைமணிக்கு மேல் ஆகும். ஆபீஸுக்குக் கிளம்பும் காலையில் பழகாதீர்கள், ராத்திரி செய்யுங்கள். ஆனால் கரண்ட் போய் வரும் நாளில் வேண்டாம். பாதிக் கழுத்தில் விளக்கு அணைந்தால் நன்றாக இருக்காது.

8. மழிச்ச பிறகு, முக்கியமாக மழைக்காலத்தில்

கத்தியைக் கழுவி, விளிம்பில் கை படாமல் முதுகுப் பக்கத்திலிருந்து துடைத்து, தோல்வாரில் ஐந்தாறு இழுப்பு இழுத்து, ஒரு மணி நேரமாவது திறந்தே வையுங்கள். ஈரத்தோடு மடக்கினால் ஆணிக்குள் துரு ஏறும். வசதி இருந்தவர்கள் வாரத்தின் ஏழு நாளுக்கும் ஏழு கத்தி கொண்ட பெட்டியே வைத்திருந்தார்கள். விளிம்புக்கு ஓய்வு வேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. என்னைக் கேட்டால் ஒரு கத்தியை நன்றாகத் துடைத்தாலே போதும்.

குளியலறையில் வைக்காதீர்கள். கடலோர ஊர், காற்றிலேயே ஈரமும் உப்பும் இருக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னும் மோசம். படுக்கையறை அலமாரியில், ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இரண்டு போட்டு, மூடிய டப்பாவில் வையுங்கள். ஒரு வாரம் தொடப்போவதில்லை என்றால் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு லேசாகத் துடைத்துவிடுங்கள். அடுத்த சவரத்துக்கு முன் அதைக் கழுவ மறக்க வேண்டாம். தோல்வாரையும் மழைக்காலத்தில் சுவரை ஒட்டித் தொங்கவிடாதீர்கள், பூஞ்சை பிடிக்கும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் பூட்டுள்ள இடம்தான்.

9. ஊருக்கு எடுத்துப்போவது

விமானத்தில் கைப்பையில் சவரக்கத்திக்கு இடமில்லை, பிடுங்கிக்கொள்வார்கள், திரும்பக் கிடைக்காது. செக்-இன் பெட்டியில் அதன் டப்பாவோடு வைத்தால் பிரச்சினை இல்லை. மெட்ரோவில் பையை ஸ்கேனரில் போட வேண்டியிருப்பதால் கேள்வி வரலாம். தீட்டக் கொடுக்கவோ வாங்கி வரவோ போகும் நாளில் பஸ்ஸிலோ சொந்த வண்டியிலோ போய்விடுங்கள். எதில் போனாலும் கத்தி டப்பாவுக்குள் இருக்கட்டும், சட்டைப் பையில் வேண்டாம். பில் இருந்தால் அதையும் டப்பாவுக்குள்ளேயே மடித்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் பயணம்தான் என்றால் கத்தியை வீட்டில் விட்டுவிட்டு, போகிற ஊர் சலூனில் உட்கார்ந்துவிடுவது இன்னும் சுலபம்.